சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்தவர் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைக் கவனித்தார். எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மகள் காபித் தட்டோடு வந்தபோது, கண்ணை அலமாரியிலிருந்து எடுக்காமலேயே ஒரு டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, இதெல்லாம் யார் சேர்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் திரும்பி எங்களைப் பார்த்தார்.

அலமாரியில் இருந்தவை பழைய கால்குலேட்டர்கள். அப்போதே நாற்பதுக்குப் பக்கம் இருந்தன. சாலை போடுகிற அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். பெண்ணாக இருந்தாலும் பதவிக்குப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான். மலைப்பாதையில் ஒரு வளைவை அகலப்படுத்த எவ்வளவு மண்ணை வெட்ட வேண்டும், எவ்வளவை நிரப்ப வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவோம். அதற்கு எங்கள் பிரிவில் இருந்தது ஒரே ஒரு ஜப்பான் கால்குலேட்டர். செங்கல் அளவு இருக்கும், பிளக்கில் செருகினால்தான் ஓடும், எண்கள் பச்சை வெளிச்சத்தில் எரியும். பல வருடம் கழித்து அதைக் கழிவுச் சாமான்களோடு சேர்த்து விற்றபோது எடைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தூசி தட்டி, ஒயரை மாற்றி, பிளக்கில் செருகினேன். அந்தப் பச்சைப் பூஜ்யம் எரிந்ததும் என்னவோ ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மதுரை, தேனி என்று எந்தப் பழைய சாமான் கடையைப் பார்த்தாலும் கால் தானாக உள்ளே போய்விடும்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டலும் அவருக்கு வாயில் வரும். என் அலமாரிக்கு அவர் வைத்த பெயர் "சோம்பேறிப் பெட்டி".

பெண் பார்க்க வந்த அன்று அந்த மனிதர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல என்ன இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்," என்றார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். அமெரிக்காவில் செய்தது. தடிமனான சாய்ந்த பொத்தான்கள். கூட்டல் இருந்தது, கழித்தல் இருந்தது. சமக்குறியைக் காணோம்.

"சமக்குறி இல்ல. கொறையுள்ள மிஷினு," என்றேன்.

அவர் உட்கார்ந்து அது வேலை செய்யும் விதத்தை விளக்கினார். இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமானால், இரண்டை அழுத்தி, என்டர் என்று பெரிதாக இருக்கும் பொத்தானை அழுத்தி, மூன்றை அழுத்தி, கடைசியில் கூட்டல் குறியை அழுத்த வேண்டும். அழுத்திய உடனே விடை. சமக்குறிக்கு அதில் வேலையே இல்லை. இப்படி ஒரு வகை உண்டு என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். பிடிக்காதுதான். நினைக்கிற வரிசையில் அழுத்த முடியாத கருவி மனிதருக்கு எதற்கு என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார். நான் பதிலுக்குச் சொன்னேன். எங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. சீர்வரிசையில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து பதறி ஓடிவந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகளும் மருமகனும் கோயம்புத்தூரில் குடியேறினார்கள். எங்கள் சண்டை மட்டும் அவர் இருக்கும் மலைக்கும் நாங்கள் இருக்கும் போடிக்கும் நடுவில் ஓயாமல் தொடர்ந்தது.

சம்பந்தி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கிறார். தோட்டக்காரர்கள் பச்சைக்காயைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், இவர் சூட்டில் உலர்த்திக் கொடுப்பார். மலையிலேயே கிடந்து பழகியதால் பேச்சில் நடுநடுவே மலையாளத்து "ஷெரி" வரும், "கேட்டோ" வரும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். தினமும் காலையில் மற்றவர்கள் பூப் படம் அனுப்புகிற நேரத்தில் எனக்கு அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு கணக்கு வரும், எத்தனை அழுத்தலில் முடித்தீர்கள் என்ற கேள்வியோடு. அவர் பதினொன்று என்பார், நான் பதின்மூன்று என்பேன். "ஒங்க மிஷினு கெஞ்சிக் கேட்டாத்தான் விடை சொல்லும், எங்களது கேக்காமயே சொல்லும்," என்று எழுதுவார். புதிதாக வருகிறவரை அழவைக்கிற மிஷினுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று நான் எழுதுவேன். என்னுடையவை பச்சையாக எரிபவை, அவருடைய பழையவை சிவப்பாக எரிபவை. அதனால் பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி. இரண்டு கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டை எங்கள் இரண்டு பேரோடு நிற்காது.

போன வருடம் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணிதக் கண்காட்சி வைத்தார்கள். என் அலமாரியை ஒரு நாள் அங்கே வைக்க முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொன்னபோதே எனக்கு ஒன்று தோன்றியது. நாற்பது பச்சை இருந்து என்ன, சிவப்பு ஒன்றாவது இருந்தால்தான் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும். சம்பந்தியிடம் அவருடைய முதல் கால்குலேட்டரைக் கேட்டேன். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது அது. அதுபோல் இன்னொன்றை நான் நேரில் பார்த்ததில்லை. பேட்டரிய மாத்தி வைக்கிறேன், வந்து வாங்கிட்டுப் போங்க என்றார் அவர்.

கண்காட்சி திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மலைக்குப் போனேன். பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து மேஜையில் வைத்துத் திறந்தார். தோல் உறைக்குள் இருந்தது. பேட்டரியை அவரே பிரித்து, புதுசு வைத்துக் கட்டியிருந்தார். இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் ஓட்ட வேண்டாம் என்றார். டின்னை மூடி, கல்யாணத்துக்கு அடித்த தாம்பூலப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார். பையில் மகள் பெயரும் மருமகன் பெயரும் அச்சிட்டிருக்கும். மிஞ்சிய பைகளை அவர் ஸ்டோரில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டதால் அவர்கள் எல்லோர் கையிலும் அதே பைதான்.

அந்தப் பெண்கள் ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் வந்து போகிறவர்கள். அன்று சாயங்காலம் அவர்கள் மலையிறங்கும் ஜீப்பிலேயே என்னையும் முன் சீட்டில் ஏற்றிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. பையை மடியில் வைத்திருந்தேன். சாரல் முன்பக்கம் அடிக்கவே, நனையும் என்று டிரைவர் அதை வாங்கிப் பின்னால் கொடுத்தார். யாரோ வாங்கி மற்றப் பைகளோடு வைத்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். போடியில் இறங்கியபோது பின்னாலிருந்து ஒரு பை என் கைக்கு வந்தது. அதே பெயர்கள், அதே கனம். ஜீப் போய்விட்டது.

வீட்டில் வந்து பிரித்தேன். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், புது ஜாக்கெட் துணி ஒன்று, அளவுக்காக ஒரு பழைய ஜாக்கெட். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் நிதானமாக, "சம்பந்திக்குப் போன் போடு. ஜீப்புல ஏத்திவிட்டது அவருதான, அவருகிட்ட டிரைவர் நம்பர் இருக்கும்," என்றார்.

அது சரியான யோசனை. எனக்கும் தெரிந்தது. ஆனால் கை போனை எடுக்கவில்லை. மூன்று வருடமாக அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி கேலி செய்திருக்கிறேன். அவர் ஒரு நாள்கூட என்னைப் பெண் வீட்டுக்காரி என்று நடத்தியதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் எனக்கு நான் பெண் வீட்டுக்காரியாகத்தான் தெரிந்தேன். அவர் வீட்டுப் பொருளை வாங்கிவந்து அதே நாளில் தொலைத்துவிட்டேன். இது மகள் காதுக்குப் போகும், அவள் அங்கே என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள் என்றெல்லாம் யோசனை ஓடியது. காலையில் ஜீப் இந்த வழியாகத்தானே திரும்பப் போகும், நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விடியுமுன் இரண்டு பேரும் மலைக்குப் போகிற முந்தல் ரோட்டில் போய் நின்றோம். ஜீப்பு ஒன்று இரண்டா போகிறது? ஒன்றன் பின் ஒன்றாக, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, எல்லாம் ஒரே வேகத்தில். என் வீட்டுக்காரர் ரோட்டில் இறங்கி, பஸ்சை நிறுத்துவதுபோல் கையைக் காட்டினார். பழைய கண்டக்டர் என்று எந்த டிரைவருக்குத் தெரியும்? ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். வெயில் வந்தபோது ரோட்டில் நாங்கள் மட்டும்தான் நின்றிருந்தோம். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் ராசிங்காபுரம் பஸ்சில் ஏறினேன். கையில் அந்த டிபன் பாக்ஸும் ஜாக்கெட்டும். பைக்குச் சொந்தக்காரப் பெண் மலைக்குப் போயிருந்தாலும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று கணக்கு.

யார் வீடு என்று தெரியாமல் யாரைக் கேட்பது? பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தபோது தையல் மிஷின் சத்தம் கேட்டது. கழுத்தில் டேப்போடு ஒருவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். அந்த அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டி, இது யாருடையது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் அதை உள்பக்கம் திருப்பினார். கக்கத்தில் விட்டிருந்த உபரித் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நம்ம தையல்தான்," என்றார். யாருடையது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் விசேஷத்துக்குப் போட வேண்டும், நேற்றே துணியைக் கொண்டாந்து தருகிறேன் என்று சொன்ன ஆளைக் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டு வீடு தள்ளிப் பச்சைக் கதவைக் காட்டினார். அந்தப் பிள்ளை இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போல, வாசலில் பார்த்தேன் என்றும் சொன்னார்.

கதவு திறந்துதான் இருந்தது. நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்திருந்தாள். கட்டில் மேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் அந்தக் கால்குலேட்டர். பக்கத்தில் டின். எனக்கு மூச்சு வந்தது. அவளைக் கூப்பிடவும் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் பார்த்த முகம், நேற்று ஜீப்பில் முன் சீட்டில் வந்த ஆள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க பொண்ணோட அம்மால்ல? அம்மா, சத்தியமா நான் எடுக்கல. டெய்லருகிட்டத் துணியக் குடுக்கலாம்னு பையத் தொறந்தா இது இருக்கு. மொதலாளி சாமான்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு."

எல்லாம் தெரியும், பை மாறிவிட்டது, ஒன் மேல தப்பில்ல என்று நான் சொன்னது அவளுக்கு ஏறவில்லை. அவளுடைய பயம் வேறாக இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஜீப்பில் வந்த குலுக்கலில் அதிலிருந்து ஒரு பட்டன் விழுந்துவிட்டதாம். ராத்திரியிலிருந்து தேடுகிறாளாம். பையை உதறிப் பார்த்தாயிற்று, வீடு பூராவும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாயிற்று. அது இல்லாமல் எப்படி மலைக்குப் போய் முதலாளி முகத்தில் விழிப்பது என்றுதான் வேலைக்குப் போகவில்லை.

"எந்தப் பட்டன்?" என்று கேட்டேன்.

"ஈக்குவல் பட்டன்மா. ரெண்டும் ரெண்டும் போட்டா ரெண்டுன்னே நிக்குது. பட்டனையும் காணோம், அது இருந்த எடத்தையும் காணோம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீரும் வந்தது. பாவம், அவள் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்கு அந்தப் பட்டன் பிறக்கும்போதே கிடையாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஈக்குவல் இல்லாமல் எவனாவது கால்குலேட்டர் செய்வானா என்று கேட்டாள். மூன்று வருடமாக நான் கேட்கும் கேள்வி.

பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். "ரெண்ட அழுத்து. இந்தப் பெரிய பட்டன அழுத்து. மறுபடியும் ரெண்டு. இப்பக் கூட்டல்." சிவப்பாக நாலு எரிந்தது. அவள் விரலை எடுக்காமல் அதையே பார்த்தாள். பிறகு தானே எட்டையும் ஏழையும் பெருக்கிப் பார்த்தாள். ஐம்பத்தாறு வந்ததும் விளக்குமாற்றைக் கொண்டுபோய் மூலையில் வைத்தாள்.

டின்னை வாங்கிக்கொண்டு அப்படியே போடிக்குத் திரும்பியிருந்தால் விஷயம் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. ஆனால் நாளைக்கு இவள் மலைக்குப் போனால் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். எனக்காக இவள் ஒரு பொய் சொல்ல வேண்டும். நான் பயந்தது கவுரவத்துக்கு. இவள் பயந்தது வேலைக்கு. அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவே சம்பந்திக்குப் போன் போட்டேன். பை மாறியதிலிருந்து பட்டன் தேடியது, கடைசியில் நாலு எரிந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, போனை அவளிடம் கொடுங்கள் என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏத்தா, காலைல ஜீப்புல ஒன்னயக் காணோம்னதும் ஒடம்புக்கு முடியலையோன்னு இருந்தேன். ஒண்ணுமில்லல்ல? ஷெரி, நாளைக்கு வந்துரு."

அவள் தலையைத் தலையை ஆட்டினாள். போனில் ஆட்டினால் தெரியாது என்று நான் சொன்ன பிறகுதான் வாய் திறந்து "வர்றேன்" என்றாள். பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நாலு காட்டுச்சுல்ல?"

"காட்டுச்சுண்ணே."

"அப்பப் பேட்டரிக்கு ஒண்ணுமில்ல. திங்கக்கெழமை வரைக்கும் ஆஃப் பண்ணியே வைங்க."

அவ்வளவுதான். கோபத்தைத் தேடிப் பார்த்தேன், குரலில் எங்கேயும் இல்லை.

போனை வைத்த பிறகுதான் பசி தெரிந்தது. முந்தின நாள் மதியம் மலையில் சாப்பிட்டது, அதற்குப் பிறகு தண்ணீர்தான். அவள் கேட்காமலேயே அடுப்பைப் பற்றவைத்துத் தோசை ஊற்றினாள். தக்காளிச் சட்னி. நாலு தோசை சாப்பிட்டேன், ஐந்தாவது வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. சாப்பிடச் சாப்பிட, கல்யாணத்தில் என் மகள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைப் பற்றி அவள் பேசினாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு டெய்லர் கடை வரைக்கும் என்னோடு வந்தாள். பஸ்சில் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது ஒரு கையை எடுக்க யோசனையாக இருந்தது.

திங்கட்கிழமை கண்காட்சியில், அந்தச் சிவப்பை மேஜை ஓரத்தில், "குறையுள்ளது" என்று ஓர் அட்டை எழுதி வைப்பதாகத்தான் முன்னால் யோசித்திருந்தேன். அட்டை எழுதவில்லை. நடுவில் வைத்தேன். வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டும் இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டு, ரிப்பேர் மிஸ் என்றார்கள். பேட்டரிக்காக நடுநடுவே அணைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் என்டரிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. என் நாற்பதைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை.

டின்னை வாங்கச் சம்பந்தியே இறங்கி வந்திருந்தார். அங்கே ஒரு டீச்சர் அவரிடம், அம்மா உங்க மிஷினைப் பத்தி ரொம்ப உயர்வாப் பேசினாங்க சார் என்று சொல்லிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அது விளக்கம்தான், புகழ்ச்சி இல்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். மாமா மதியமே போனில் எல்லாம் சொன்னார் என்றாள். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் அந்த டிரைவர் நம்பரை நானே கொடுத்திருப்பேன், அவருக்கு எதற்காக அம்மா பயந்தாய் என்று கேட்டாள். பெண் வீட்டுக்காரி என்ற பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலை சுற்றலில் யோசிக்கத் தோன்றவில்லை என்று சொல்லி வைத்தேன். அவள் சிரித்தாள். உன்னைத் தன் கட்சியில் சேர்த்துவிட்டதாக மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தேன். நாற்காலியில் சம்பந்தி இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் மறுக்க முடிந்தது.